புது என்ஜினுக்கு ஒரு ஜானவாசம்

சென்ற வாரம் மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் ஒரு ஜானவாச ஊர்வலம் நடுத்தெருவில் நின்றுபோனதை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். பின் ஸீட்டில் மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை. அவரைச் சுற்றி வண்டி கொள்ளாத குழந்தைகள். முன் ஸீட்டில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஒரு ஸ்திரீ, "தண்ணியைக் கொட்டாதேங்கோ!" என்று தெருவே அதிரக் கத்திக்கொண்டிருந்தாள்.

அந்த ஸ்திரீ நான்தான். மறைப்பானேன்?

அதற்குள் ஊரில் கதை கிளம்பிவிட்டது. மோட்டார் வெடித்துவிட்டதாம். மாப்பிள்ளை இறங்கி ஓடிவிட்டாராம். குளத்தங்கரைக் காய்கறிக் கடையில் என்னிடமே ஒரு மாமி இதைச் சொன்னாள் — நான் யாரென்று தெரியாமல்! எழுதுவதற்கு வாரா வாரம் ஒரு பக்கம் எனக்கு இருக்கும்போது, வதந்திக்கு ஏன் இடம் கொடுக்க வேண்டும்? நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

முதலில் என் வண்டி. வழக்கமாக இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு அதை நன்றாகத் தெரியும். மடக்குக் கூண்டு போட்ட பழைய திறந்த மோட்டார். 'பட்டு' என்று பெயர் வைத்திருக்கிறேன். ஓட்டுவது நான். என் கணவரும் ஓட்டுவார்... அதாவது, ஓட்டுவதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். மனுஷர் வக்கீல். ஹார்னை அடித்தாலே எதிரில் வருவது ஒதுங்கிவிட வேண்டும் என்பது அவருடைய சட்டம்.

கோடையில் ஒரு கேஸ் விஷயமாகச் செங்கல்பட்டுக்குப் பட்டுவை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வரும்போது சைதாப்பேட்டை தாண்டவில்லை. ஒரு கிறீச் சத்தம். அவ்வளவுதான், என்ஜின் இறுகிப் பிடித்துக்கொண்டது. இரண்டு மாடுகள் கட்டி இழுத்து வந்தார்கள்.

"எண்ணெய் இருக்கான்னு பார்த்தேளா?" என்று கேட்டேன்.

"எண்ணெய் பார்க்கறது நீதானே?" என்றார்.

எப்படி இருக்கிறது நியாயம்? வண்டியை எடுத்துக்கொண்டு போனது அவர். எண்ணெய் இல்லாமல் ஓட்டியது அவர். ஆனால் உறவு முழுக்கப் பேசிக்கொண்டது என்ன தெரியுமா? "பொம்மனாட்டி ஓட்டற வண்டி. அதான் இப்படி ஆச்சு."

இதில் முன்னணியில் நின்றவர் எங்கள் அத்திம்பேர். என் அக்காவின் கணவர். தங்கமான மனுஷர்தான், ஆனால் எதிலும் தீர்ப்புச் சொல்லாமல் இருக்க முடியாது. எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "இந்தத் தடவை ரிப்பேர் பண்ணிடுங்கோ. இன்னொரு தரம் என்ஜின் பிடிச்சுண்டா, பேசாம ஒரு டிரைவரை வெச்சுடுங்கோ. ருக்கு பின்னாடி உட்கார்ந்துண்டு ஜம்முனு வரட்டும்."

ருக்கு நான்தான். என் கணவர் தலையை ஆட்டினார். ஆட்டினதோடு நிற்கவில்லை. "அப்படியே செஞ்சுடலாம்" என்று வாக்கும் கொடுத்துவிட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில்தான். பின் ஸீட்டாம்! காலை வேளையில் அடையாறு பாலத்தின் மேல், எதிர்க்காற்று முகத்தில் அடிக்க, நானே கியர் மாற்றிப் போகிறேனே... அந்த ஒரு சந்தோஷம் யாரும் எனக்கு வாங்கிக் கொடுத்தது இல்லை. நானே கற்றுக்கொண்டது. சிநேகிதியைப் பார்க்க வேண்டுமா, கடற்கரைக்குப் போக வேண்டுமா, யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. அதை ஒரு டிரைவர் கையில் கொடுத்துவிட்டு, "இடது பக்கம் திரும்பப்பா" என்று பின்னால் இருந்து சொல்லிக்கொண்டு வர வேண்டுமா? என் உயிர் உள்ள வரை நடக்காது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

பட்டு ராயப்பேட்டைக்குப் போயிற்று. அங்கே காதர் பாய் ஷெட் வைத்திருக்கிறார். வேலையில் கெட்டிக்காரர். அந்தக் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றி நாள் முழுவதும் பேசவும் தெரிந்தவர். சிலிண்டரைக் கடைந்து, புது பிஸ்டன், புது ரிங், புது பேரிங் எல்லாம் போட்டு, கடைசியில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"அம்மா, இன்னா என்ஜின் தெரியுமா இப்போ! கம்பெனிலேந்து வந்தப்போகூட இப்டி இருந்திருக்காது. காதர் கை பட்டுக்கீது இல்ல?"

"சரி, காதர் பாய். எப்படி ஓட்டணும், அதைச் சொல்லுங்கோ."

"மெதுவா ஓட்டணும்மா. கொஞ்ச நாளைக்கு மெதுவா. அவ்ளோதான்."

இந்த 'மெதுவா'தான் பிறகு எல்லா வம்பையும் இழுத்தது. அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். மோட்டார் இல்லாதவர்கள் ஒரு பத்தியைத் தாண்டிப் போகலாம். இருப்பவர்கள் தயவுசெய்து தாண்டாதீர்கள்!

புதிதாகக் கடைந்த என்ஜின் இறுக்கமாக இருக்கும். உள்ளே ஒன்றோடொன்று உராயும் பாகங்கள் பழகி, வழவழப்பாகி, தங்கள் இடத்தில் உட்கார வேண்டும். அது வரைக்கும் வேகமாக விரட்டக்கூடாது. பாரம் ஏற்றக்கூடாது. மேட்டில் மூச்சுத் திணற விடக்கூடாது. இது எல்லோருக்கும் புரிகிறது. புரியாதது இன்னொரு பாதி. ஒரே வேகத்திலும் ஓட்டக்கூடாது. கொஞ்சம் கூட்டிக் கொஞ்சம் குறைத்து மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். முக்கியமாக, நின்ற இடத்திலேயே என்ஜினை வெகுநேரம் ஓடவிடக்கூடாது. முன்னால் இருக்கும் ரேடியேட்டரில் காற்று பட்டால்தான் தண்ணீர் ஆறும். காற்று படாவிட்டால் சூடு ஏறும், இறுக்கமான பிஸ்டன் இன்னும் பருக்கும், அப்புறம்... பழையபடி சைதாப்பேட்டைதான். வண்டியோடு வந்த புத்தகத்தை நான் வரி விடாமல் படித்திருக்கிறேன். ஆகவே காதர் பாய் 'மெதுவா' என்றபோது எனக்கு அர்த்தம் புரிந்தது.

அத்திம்பேருக்கு வேறு அர்த்தம் புரிந்தது.

பட்டு வீட்டுக்கு வந்த மறுநாளே அவர் ஓடி வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. அக்கா பெண்ணுக்குக் கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் ஜானவாசம். மாப்பிள்ளையைத் திறந்த மோட்டாரில்தான் ஊர்வலமாக அழைத்து வர வேண்டும் என்று சம்பந்தி மாமி ஆரம்பத்திலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஏற்பாடு செய்திருந்த மோட்டாரை அதன் சொந்தக்காரர் திடீரென்று ஊட்டிக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாராம்.

"ருக்கு, உன் வண்டிதான் கதி. இல்லேன்னா எனக்கு மானம் போயிடும்."

"அத்திம்பேர், புது என்ஜின். இன்னும் பழகலே."

"எல்லாம் விசாரிச்சுண்டுதான் வந்திருக்கேன்! உன் காதர் பாயே மெதுவா ஓட்டச் சொல்லியிருக்காராமே? ஜானவாசத்தை விட மெதுவா இந்த லோகத்துல எது போறது, சொல்லு! உன் என்ஜினுக்கும் ஆச்சு, என் மாப்பிள்ளைக்கும் ஆச்சு."

எப்படி மடக்குகிறார் பாருங்கள்! மயிலாப்பூரைத் தவிர வேறு எந்த ஊரிலாவது ஒருவருக்கு இப்படித் தோன்றுமா?

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. ஊர்ந்து ஊர்ந்து போய், மூலைக்கு மூலை நின்று, வண்டி நிறையக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு — புது என்ஜினைக் கொல்வதற்கு இதைவிடச் சிறந்த வழி கிடையாது என்று எடுத்துச் சொன்னேன். காதில் வாங்கினால்தானே? அக்கா வேறு பின்னாலேயே வந்து, கண்ணில் நீர் கோத்துக்கொண்டு நின்றாள். குழந்தைக்குக் கல்யாணம். எப்படி மாட்டேன் என்பது?

"ஒண்ணு செய்யலாம்" என்றேன். "என்ஜினை ஓடவிடாம, கயிறு கட்டி இழுத்துண்டு போகலாம்."

"சிவ சிவா! ரிப்பேர் வண்டியில மாப்பிள்ளை வரான்னு ஊர் சிரிக்கவா?"

"அப்போ நான்தான் ஓட்டுவேன். வேற யாரும் தொடப்படாது. சூடு ஏறினா, நடுத்தெருவானாலும் நிறுத்திடுவேன். சம்மதமா?"

அவர் என் கணவர் பக்கம் திரும்பினார். என் கணவர்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பார்த்து ஓட்டு ருக்கு... வாக்குக் குடுத்திருக்கேன்" என்றார். எந்த வாக்கு என்று எனக்கா தெரியாது?

ஜானவாசத்தன்று பட்டு ஜொலித்தாள். கூண்டை மடக்கிவிட்டு, மல்லிகைச் சரமும் ரோஜாவுமாக அலங்காரம். பிள்ளையார் கோயில் வாசலில் மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தார். சாதுவான பையன், பட்டணத்துக் காலேஜில் படித்தவன். அவர் உட்கார்ந்ததுதான் தாமதம், எங்கெங்கிருந்தோ குழந்தைகள் ஏறின. மடியில், கதவில், மட்கார்டில்! ஜானவாச வண்டியில் ஏறும் குழந்தையை இறங்கு என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் உண்டு?

ஸ்டியரிங்கில் என்னைப் பார்த்ததும் சம்பந்தி மாமியின் புருவம் உயர்ந்தது. வைரத்தோடும் சரிகைப் புடவையுமாக, எதிரில் நிற்பவர்களின் பேச்சை நிறுத்திவிடும் முகம். அத்திம்பேர் அவசரமாக, "நம்மாத்துப் பொண்ணேதான் ஓட்டறா... வெளி மனுஷா கை படவேண்டாம்னு" என்று சமாளித்தார். மாமி 'ம்' என்றாள். அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

காதர் பாயும் வந்திருந்தார், இஸ்திரி போட்ட கோட்டும் குல்லாயுமாக. கையில் ஒரு சாக்குப் பை.

"பையில என்ன?"

"கயிறும்மா."

"காதர் கை பட்ட என்ஜினுக்குக் கயிறு எதுக்கு?"

"சும்மா... ஒரு இதுக்குத்தான்" என்று பையைக் காலடியில் தள்ளிக்கொண்டார்.

புறப்பட்டோம். முன்னால் நாகஸ்வரம், இரண்டு பக்கமும் ஆட்கள் தலையில் காஸ் லைட், நடுவில் பட்டு. கிழக்கு மாட வீதி வரை ஒன்றும் இல்லை. அங்கே நாகஸ்வரக்காரர் தோடி ராகத்தை எடுத்தார். கேட்க சுகமாகத்தான் இருந்தது... ஆனால் தோடி ஆரம்பித்தவர் லேசில் விடுவாரா? அவர் நின்றால் கூட்டம் நிற்கிறது; கூட்டம் நின்றால் நான் நிற்கிறேன்; நான் நின்றால் ரேடியேட்டருக்குக் காற்று ஏது?

என் வண்டியில் ரேடியேட்டர் மூடியின் மேல் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய் உண்டு. சூடு ஏற ஏற அதில் ஒரு சிவப்புக் கோடு மேலே ஏறும். தெருவெல்லாம் தோடியைக் கேட்டுக்கொண்டிருக்க, நான் மட்டும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெற்கு மாட வீதிக்குத் திரும்பும்போது கோடு உச்சிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. என்ஜின் சத்தமும் மாறிவிட்டது. அதுவரை சீராக இருந்தது, இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்கிற மாதிரி கேட்டது. ரேடியேட்டர் மூடியில் லேசாக ஆவி.

நிறுத்தினால் நடுத்தெருவில் மாப்பிள்ளை. நிறுத்தாவிட்டால் இன்னும் நாலு வீடு தாண்டுவதற்குள் என்ஜின் தானே நின்றுவிடும். அதோடு என் டிரைவிங்கும் போச்சு.

ஸ்விட்சை அணைத்தேன்.

அடேயப்பா! அந்த நிசப்தம் இருக்கிறதே... தோடி பாதியில் நின்றது. எங்கோ ஒரு பாட்டி, "அடடா, அபசகுனம்!" என்றாள். கல்யாண வீட்டில் இதைச் சொல்வதற்கென்றே ஒருவர் எப்போதும் தயாராக இருப்பார்.

யாரோ ஒரு புண்ணியவான் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குடம் தண்ணீரோடு ஓடி வந்து, கொதிக்கும் என்ஜின் மேலேயே கவிழ்க்கப் போனார். சூட்டில் பச்சைத் தண்ணீர் பட்டால் இரும்பு விரிசல் விட்டுவிடாதா? அப்போதுதான் நான் அந்தப் பிரசித்தி பெற்ற கத்தலைக் கத்தினேன். காதர் பாய் பாய்ந்து குடத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

என் கணவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். குரலைத் தாழ்த்தி, "என்ன, பிடிச்சுண்டுடுத்தா?" என்றார். அந்த முகத்தில் புது டிரைவருக்கு யூனிபாரம்கூடத் தைத்து முடித்தாகிவிட்டது.

"பிடிச்சுக்கலே. நான் நிறுத்தினேன்."

"எல்லாம் ஒண்ணுதானே?"

"இல்லே. நிக்கறது வேற. நிறுத்தறது வேற."

அத்திம்பேர் சம்பந்தி மாமியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து மாப்பிள்ளை மெல்ல, "மாமி, நான் இறங்கணுமா?" என்று கேட்டார்.

"அசையப்படாது!" என்றேன்.

அந்த நேரத்தில் பயந்த குரலில் பேசினால் காரியம் கெட்டுவிடும். எழுந்து ஸீட் மேலேயே நின்றுகொண்டேன். நேராகச் சம்பந்தி மாமியைப் பார்த்துச் சொன்னேன்:

"மாமி! இதுவரைக்கும் மெஷின் இழுத்துண்டு வந்தது, போறும். உங்காத்துப் பிள்ளையை மெஷினா எங்காத்துக்குள்ள கொண்டுவரணும்? எங்க மாட வீதியில பெரியவா வந்தா வடம் பிடிச்சு இழுக்கறதுதான் மரியாதை. இனிமே மனுஷா இழுக்கட்டும். காதர் பாய், கயிறு!"

சொல்லி முடித்தேனோ இல்லையோ, காதர் பாய் சாக்குப் பையோடு வண்டிக்கு முன்னால் குனிந்துவிட்டார். மாப்பிள்ளையின் காலேஜ் சிநேகிதர்களுக்கு வேறு என்ன வேண்டும்? வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "டேய், வடம்டா!" என்று கூவியபடி பாய்ந்தார்கள். குழந்தைகள் மட்கார்டிலிருந்து குதித்துக் கயிற்றைப் பிடித்தன. பாரமும் குறைந்தது பாருங்கள்! நாகஸ்வரக்காரர் உற்சாகம் தாங்காமல், "சுவாமி புறப்பாட்டு மல்லாரியே வாசிச்சுடட்டுமா?" என்றார். "அது சுவாமிக்கு ஐயா, சுவாமிக்கு மட்டும்!" என்று அத்திம்பேர் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்தார்.

வண்டி நகர்ந்தது. கியரை எடுத்துவிட்டு, ஸ்டியரிங் என் கையில், பிரேக் என் காலில். பையன்கள் ஆர்வக் கோளாறில் ஓட ஆரம்பிக்கும்போதெல்லாம் பிரேக்கை அமுக்கி அடக்கினேன். தேர் ஓட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: இழுப்பவர்கள் ஆயிரம் பேராக இருக்கலாம், தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிற ஆள்தான். எதற்கெடுத்தாலும் முட்டுக்கட்டை போடுகிறவள் என்று உறவில் எனக்கு வெகுநாளாக ஒரு பெயர் உண்டு. அன்றைக்கு அது உத்தியோகமாகவே கிடைத்தது!

வீட்டு மாடிகளிலிருந்து பூப் போட்டார்கள். காதர் பாய் கயிற்றின் முன்நுனியில் நின்று, "இஸ்துக்கினு வா நைனா, இஸ்து! பள்ளம் கீது, பாத்து!" என்று அமர்க்களப்படுத்தினார். அபசகுனம் சொன்ன பாட்டியும் ஒரு கை பிடித்தாள், என் கண்ணால் பார்த்தேன்.

கல்யாண வீட்டு வாசலில் ஆரத்தி எடுத்து மாப்பிள்ளையை உள்ளே அழைத்தார்கள். சம்பந்தி மாமி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எங்க பக்கத்துல எத்தனையோ ஜானவாசம் பார்த்தாச்சு" என்றாள். "மோட்டாரை யார் வேணா வெச்சுக்கலாம். எம்பிள்ளைக்கு ஊரே வடம் பிடிச்சுது." பிறகு, கொஞ்சம் குரலை இறக்கி, "ஓட்டறது கஷ்டமோ? நம்மளாட்டமா இருக்கறவாளுக்கு வருமோ?" என்று கேட்டாள்.

அந்த 'ம்'முக்கு அர்த்தம் அப்போது புரிந்தது. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

ஆனால் விஷயம் முடியவில்லை. உள்ளே டிபனுக்குக் கூட்டம் போனதும், என் கணவரும் அத்திம்பேரும் வண்டிப் பக்கம் வந்தார்கள்.

"அதெல்லாம் சரி ருக்கு. சாமர்த்தியமாப் பேசிட்டே. இப்போ வண்டி கிளம்புமா?" என்றார் அத்திம்பேர்.

இதுதான் கேள்வி. சிவப்புக் கோடு இறங்கியிருந்தது. மூடியைத் திறந்து, தண்ணீரை நிதானமாக நிரப்பினேன். எண்ணெயையும் பார்த்தேன்... என் கணவர் பார்க்கும்படியாகவே பார்த்தேன். பிறகு உட்கார்ந்து ஸ்விட்சைப் போட்டேன். காதர் பாய் "பிஸ்மில்லா" என்று வண்டி முன்னால் கிராங்குக் கம்பியைச் சுற்றினார்.

சத்தமில்லை.

அத்திம்பேர் என் கணவரைப் பார்த்தார். சொன்னால் நம்புங்கள், கபாலீசுவரரிடம் வேறு எதற்கும் நான் அவ்வளவு மன்றாடியதில்லை.

மறுபடி ஒரு சுற்று. பட்டு ஒரு தடவை தும்மினாள். உடனே சீராக, இதமாகப் பாட ஆரம்பித்துவிட்டாள். இறுகவுமில்லை, உடையவுமில்லை! காதர் பாய் குல்லாயைக் கழற்றி ஆட்டினார். "பாத்துக்கினியா சாமி? காதர் கை!" என்று அத்திம்பேரிடம் ஒரு பிரசங்கமே தொடங்கிவிட்டார்.

கல்யாணம் முடிந்ததிலிருந்து தினமும் காலையில் பட்டுவைப் பழக்குகிறேன். லஸ்ஸிலிருந்து அடையாறு பாலம் தாண்டி, ஆளில்லாத ரோட்டில், கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து, காற்று வாங்கவிட்டு. 'மெதுவா' என்றால் பதமாக என்று அர்த்தம். நகராமல் இரு என்று அர்த்தமில்லை. எங்கள் வீடுகளில் பெண்களுக்கு வாய் ஓயாமல் சொல்லப்படும் 'மெதுவா'வும் இந்த ரகம்தான். அதைச் சொல்கிறவர்கள் எந்த அர்த்தத்தில் சொல்கிறார்கள் என்று ஒரு தடவை கேட்டுவிடுவது என்ஜினுக்கு நல்லது.

நேற்று ஒரு கல்யாண வீட்டார் குடும்பத்தோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். ஜானவாசத்துக்குப் பட்டு வேண்டுமாம். "என்ஜின் வேண்டாம் மாமி, வடம் இருந்தாப் போறும்!" காதர் பாயிடம் இதைச் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

அவர்கள் போன பிறகு, என் கணவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து மெல்ல ஆரம்பித்தார்.

"ஏன் ருக்கு... அந்த டிரைவர் விஷயம். இனிமே வேண்டாம், இல்லையா?"

"ஏன் வேண்டாம்? அவசியம் வைப்போம்" என்றேன். "நீங்க செங்கல்பட்டுக்குப் போறச்சே!"